மிட்டாய் ஆலையில் தொடங்கி டி-34 டாங்கி வரை: யார் இந்த மிகயீல் கோஷ்கின்? | எக்ஸ்ப்ளெய்னர்

இரண்டாம் உலகப் போர் படமோ, டாங்கி கேமோ, எதைப் பார்த்தாலும் ஒரு வண்டி கண்டிப்பா கண்ணுல படும். சாய்வான முன்பக்கம், அகலமான சங்கிலிப் பட்டை, கொஞ்சம் முன்னால தள்ளி உட்கார்ந்திருக்கிற சின்ன சுழல்கூடு. அதுதான் சோவியத் யூனியனின் டி-34. உலகத்தின் சிறந்த டாங்கி இதுதான் என்று ஒரு கூட்டம் சொல்லும். இல்லை, இது உள்ளே இருந்தவர்களுக்கு ஓடும் சவப்பெட்டி என்று இன்னொரு கூட்டம் சொல்லும். இணையத்தில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கு. அதைப் புரிஞ்சுக்க, இந்த டாங்கியை வடிவமைத்த மனிதரின் கதையிலிருந்து தொடங்குவதுதான் சுலபம். அவர் பெயர் மிகயீல் கோஷ்கின். தன் டாங்கி போருக்குப் போவதை அவர் பார்க்கவே இல்லை. 41 வயதில், ரஷ்யா மீது ஜெர்மனி படையெடுப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே இறந்துவிட்டார்.

*யார் இந்த கோஷ்கின்?*

1898 டிசம்பரில், ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் பகுதியில் பிரின்சாகி என்ற கிராமத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துபோனார். பத்து, பதினொரு வயதில் வேலை தேடி மாஸ்கோ போனார். வேலை கிடைத்த இடம் ஒரு மிட்டாய் ஆலை. பின்னாளில் 'சிவப்பு அக்டோபர்' என்ற பெயரில் பிரபலமான அதே ஆலைதான்.

1917-இல் ஜார் மன்னரின் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். புரட்சிக்குப் பிறகு செம்படையில் சேர்ந்து உள்நாட்டுப் போரில் சண்டை போட்டார். அது முடிந்ததும் மாஸ்கோவில் கட்சியின் பல்கலைக்கழகத்தில் படிப்பு, பிறகு வியாட்கா நகரில் கட்சிப் பணி. அங்கே கொஞ்ச காலம் ஒரு மிட்டாய் ஆலைக்கு நிர்வாகியாகவும் இருந்தார். அதுவரைக்கும் டாங்கிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

30 வயதைத் தாண்டிய பிறகுதான் அவர் இன்ஜினீயரிங் படிக்கப் போகிறார். 1929-இல் லெனின்கிராட் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, 1934-இல் பட்டம் வாங்கும்போது வயது 35. கரியர் மாற 30 வயசு ரொம்ப லேட் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். படித்து முடித்ததும் லெனின்கிராடில் டாங்கி வடிவமைப்புப் பிரிவில் வேலை. கனமான கவசம் கொண்ட டாங்கி எப்படி இருக்க வேண்டும் என்ற பாடத்தை அங்கேதான் கற்றுக்கொண்டார். 1936-இல் அந்த வேலைக்காக அரசு விருதும் கிடைத்தது.

*கார்கோவில் காத்திருந்த ஆபத்து*

1936 டிசம்பரில், இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரில் இருந்த ரயில் இன்ஜின் ஆலைக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே பி.டி. வகை வேக டாங்கிகள் தயாராகிக்கொண்டிருந்தன. பதவி உயர்வு என்று பார்த்தால் நல்ல வேலை. ஆனால் அந்த நாற்காலி எப்படிக் காலியானது என்பதுதான் விஷயம்.

பி.டி.-7 டாங்கிகளின் கியர் பாக்ஸ் வரிசையாகப் பழுதானது. அது ஸ்டாலின் ஆட்சியின் களையெடுப்புக் காலம். இயந்திரக் கோளாறு என்றாலே சதி என்று பார்க்கப்பட்ட நேரம். முந்தைய வடிவமைப்புத் தலைவர் அஃபனாசி ஃபிர்சோவ் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, பிறகு கைதும் செய்யப்பட்டார். அவர் உயிரோடு திரும்பவில்லை. அதே ஆலையில் புதிய டாங்கி வேலைக்காக வந்த அடோல்ஃப் டிக் என்ற இன்ஜினீயரும் கைதாகி முகாமுக்குப் போனார். டி-34-இன் அடிப்படை யோசனைகளில் இவர்கள் பங்கு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஒரே ஆள் உட்கார்ந்து வரைந்த டாங்கி இல்லை இது. கோஷ்கினோடு அலெக்சாண்டர் மொரோசோவ், நிகோலாய் குச்செரென்கோ போன்ற இளம் இன்ஜினீயர்கள் இருந்தார்கள்.

ஆக, தப்பு நடந்தால் வேலை மட்டும் போகாது, உயிரும் போகலாம் என்று தெரிந்த இடத்தில்தான் கோஷ்கின் அடுத்த முடிவை எடுத்தார். மேலிடம் கேட்ட டாங்கி வேண்டாம் என்று சொன்னார்.

*மேலிடம் கேட்டது என்ன? அவர் கொடுத்தது என்ன?*

அப்போதைய பி.டி. டாங்கிகள் வால்டர் கிறிஸ்டி என்ற அமெரிக்கரின் வடிவமைப்பிலிருந்து வந்தவை. அதில் ஒரு வித்தை உண்டு. சங்கிலிப் பட்டையைக் கழற்றிவிட்டு, சக்கரத்திலேயே சாலையில் வேகமாகப் போகலாம். ராணுவத்துக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது. புதிய டாங்கியும் அப்படியே வேண்டும் என்று கேட்டது.

ஆனால் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வேறு பாடம் சொன்னது. அங்கே போன சோவியத் டாங்கிகளின் மெல்லிய கவசத்தை, சின்ன 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கியே துளைத்தது. வேகம் இருந்தும் பயன் இல்லை. சக்கரத்துக்கும் பட்டைக்கும் மாறுகிற அமைப்பு கூடுதல் எடை, கூடுதல் சிக்கல். அந்த எடையைக் கவசத்துக்குக் கொடுத்தால் என்ன என்பதுதான் கோஷ்கின் குழுவின் கேள்வி.

அதனால் இரண்டு டாங்கிகளை உருவாக்கினார்கள். கேட்டபடி சக்கரமும் பட்டையும் கொண்ட ஏ-20. கேட்காத, பட்டை மட்டுமே கொண்ட, பெரிய பீரங்கி வைத்த ஏ-32. 1938-இல் மாஸ்கோவில் நடந்த விவாதத்தில் ராணுவ அதிகாரிகள் பலரும் முதலாவதையே விரும்பினார்கள். இரண்டையும் செய்து பார்க்க ஸ்டாலின் அனுமதித்ததால்தான் ஏ-32 பிழைத்தது. சோதனையில், அது கூடுதல் எடையை ஏற்றியும் நன்றாகவே ஓடியது. கவசத்தை 45 மி.மீ. ஆக்கலாம் என்று முடிவாகி, 1939 டிசம்பர் 19-இல் புதிய டாங்கிக்கு ஒப்புதல் கிடைத்தது. பெயர் டி-34.

*கார்கோவ் டு மாஸ்கோ: உயிரைக் கேட்ட பயணம்*

1940 மார்ச்சில் மாஸ்கோவில் தலைவர்களுக்கு டாங்கியைக் காட்ட வேண்டும். ஆனால் விதிப்படி, அதற்கு முன் 2,000 கி.மீ. ஓட்டிச் சோதித்திருக்க வேண்டும். தயாராக இருந்த இரண்டு டாங்கிகளும் அவ்வளவு ஓடியிருக்கவில்லை. ரயிலில் ஏற்றி அனுப்பினால் கணக்கு இடிக்கும். அப்போ என்ன வழி? ஓட்டிக்கிட்டே போறதுதான்.

மார்ச் முதல் வாரத்தில், கடும் பனியில், இரண்டு டாங்கிகளும் கிளம்பின. ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதால் முக்கியச் சாலைகளைத் தவிர்த்து, காடு, வயல் வழியாகப் பயணம். வழியில் ஒரு டாங்கியின் கிளட்ச் பழுதாகி, அதைச் சரிசெய்துகொண்டு போனார்கள். கோஷ்கினும் கூடவே போனார். ஹீட்டர் வசதியெல்லாம் இல்லாத இரும்புப் பெட்டிக்குள் பல நாள். மாஸ்கோ போய்ச் சேரும்போதே அவருக்குக் கடுமையான சளி, இருமல்.

மார்ச் 17-ஆம் தேதி கிரெம்ளினில் ஸ்டாலின் முன் டாங்கிகள் ஓடிக் காட்டின. மாத இறுதிக்குள் உற்பத்திக்குப் பச்சைக்கொடி கிடைத்தது. ஓய்வெடுக்கச் சொல்லியும் கோஷ்கின் கேட்கவில்லை. திரும்பும் வழியிலும் டாங்கியோடேதான் வந்தார். சிக்கிய டாங்கியை மீட்க உறைபனி நீரில் இறங்கினார் என்றும் சொல்லப்படுகிறது. சோதனைகளையும் சேர்த்து இரண்டு டாங்கிகளும் சுமார் 3,000 கி.மீ. ஓடியிருந்தன.

ஊர் திரும்பியவருக்கு நிமோனியா. அந்த நிலையிலும் உற்பத்தியைத் தொடங்கும் வேலையை விடவில்லை. ஒரு நுரையீரலை அகற்றும் அளவுக்குப் போயும் காப்பாற்ற முடியவில்லை. 1940 செப்டம்பர் 26-இல் கார்கோவ் அருகே ஒரு சுகவாச மனையில் இறந்தார். மனைவியும் மூன்று மகள்களும் இருந்தார்கள்.

*டி-34-இன் பலம் என்ன?*

முதல் பலம் சாய்வான கவசம். கேரட்டை நேராக நறுக்கினால் துண்டு சின்ன வட்டமாக வரும். சாய்வாக நறுக்கினால் அதே கேரட்டில் நீளமான துண்டு கிடைக்கும், இல்லையா? கவசத்திலும் அதே கணக்குதான். டி-34-இன் முன்பக்கத் தகடு 45 மி.மீ. தடிமன். ஆனால் அது செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்திருப்பதால், நேராக வரும் குண்டு 90 மி.மீ. இரும்பைக் கடக்க வேண்டும். பல குண்டுகள் சறுக்கியும் போய்விடும். எடையைக் கூட்டாமல் பாதுகாப்பைக் கூட்டும் வழி இது.

இரண்டாவது, டீசல் இன்ஜின். வி-2 என்ற 12 சிலிண்டர் இன்ஜின், 500 குதிரைத்திறன். டாங்கியின் எடையோ 26 டன் சொச்சம். சாலையில் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போகும். அதே எரிபொருளில் பெட்ரோல் டாங்கியைவிட அதிக தூரமும் போகும்.

மூன்றாவது, அகலமான பட்டைகள். எடை பரவலாக இறங்குவதால், ஜெர்மன் டாங்கிகள் புதைந்து நின்ற சேற்றிலும் பனியிலும் டி-34 ஓடியது. ரஷ்யாவில் இலையுதிர் காலமும் பனி உருகும் காலமும் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு.

நான்காவது, 76.2 மி.மீ. பீரங்கி. 1941-இல் ஜெர்மனியின் பெரும்பாலான டாங்கிகளில் இருந்ததைவிடப் பெரியது.

1941 அக்டோபரில், ம்த்சென்ஸ்க் நகருக்கு அருகே கத்துகோவின் டாங்கிப் படை, ஜெர்மன் 4-ஆவது பான்சர் டிவிஷனுக்குப் பெரும் சேதம் கொடுத்தது. ஜெர்மானியர்கள் அதிர்ந்துபோனார்கள். நிலைமையை ஆராய ஒரு குழுவே முன்னணிக்கு வந்தது. அதன் விளைவாகப் பிறந்ததுதான் சாய்வான கவசம் கொண்ட ஜெர்மனியின் பாந்தர் டாங்கி.

*அப்படின்னா பலவீனம்?*

நிறைய இருக்கு. முதலாவது, உள்ளே இடமே இல்லை. சாய்வான பக்கங்கள் உள்ளிடத்தைச் சாப்பிட்டன. கிறிஸ்டி வகை ஸ்பிரிங்குகள் இன்னும் கொஞ்சத்தைச் சாப்பிட்டன. எரிபொருள் தொட்டிகள் வீரர்கள் உட்கார்ந்திருந்த பகுதியின் பக்கங்களிலேயே இருந்தன. குண்டுகளில் பெரும்பாலானவை தரையில் பெட்டிகளில். சண்டையின்போது பெட்டியைத் திறந்து திறந்து எடுக்க வேண்டும். கூடு சுழலும்போது தரை கூடவே சுழலாது. குண்டு போடுபவர் கால் சிக்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து, சுழல்கூட்டில் இரண்டு பேர்தான். இதுதான் பெரிய குறை. ஜெர்மன் பான்சர் 3, பான்சர் 4 டாங்கிகளில் மூன்று பேர்: ஒருவர் குண்டு போடுவார், ஒருவர் சுடுவார், கமாண்டர் சுற்றிலும் பார்த்து முடிவெடுப்பார். டி-34-இல் கமாண்டரே குறிபார்த்துச் சுட வேண்டும். எதிரி எங்கே இருக்கான்னு தேடுவாரா, சுடுவாரா? முதலில் பார்ப்பவர் முதலில் சுடுவார் என்ற நிலையில், இந்தச் சில விநாடித் தாமதம் பல உயிர்களை வாங்கியது.

அதோடு, வெளியே சரியாகத் தெரியாது, பேசவும் முடியாது. பார்வைக் கருவிகளின் தரம் மோசம். ஆரம்பத்தில் ரேடியோ கமாண்டர்களின் டாங்கிகளில் மட்டும். மற்றவர்களுக்குக் கொடி அசைப்புதான். புகையும் தூசியுமான போர்க்களத்தில் யார் கொடியைப் பார்ப்பது?

இயந்திரக் கோளாறும் தீராத தலைவலி. ஆரம்பகால நான்கு கியர் பெட்டியை மாற்றக் கை வலு போதாமல் டிரைவர்கள் சுத்தியலால் தட்டிய கதைகள் உண்டு. கிளட்ச் அடிக்கடி போகும். காற்று வடிகட்டி தூசியைச் சரியாகத் தடுக்காது. 1942-இல் ஒரு டி-34-ஐ சோவியத் அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. அபர்டீன் சோதனைக்களத்தில் அது 343 கி.மீ. ஓடியதும் இன்ஜின் செத்துவிட்டது. முக்கியக் காரணம், அந்த வடிகட்டி. கோஷ்கின் கூடவே இருந்து பார்த்துப் பார்த்து ஓட்டிய இரண்டு மாதிரி டாங்கிகள் 3,000 கி.மீ. ஓடின. அவசரத்தில் ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவந்தவை அப்படி இல்லை.

*இந்தக் குறைகள் முன்பே தெரியாதா?*

தெரியும். இதுதான் இந்தக் கதையில் பலர் கவனிக்காத பகுதி. 1940-இல் ஜெர்மனியிடமிருந்து வாங்கிய ஒரு பான்சர் 3-ஐ வைத்து சோவியத் ராணுவமே ஒப்பிட்டுப் பார்த்தது. மூன்று பேர் சுழல்கூடு, கமாண்டர் சுற்றிப் பார்க்கும் மேடை, சத்தம் குறைந்த ஓட்டம் என்று ஜெர்மன் டாங்கியின் வசதிகள் எல்லாம் அறிக்கையில் பதிவாயின. டி-34 உற்பத்தியை நிறுத்திவிடலாம் என்றுகூட ராணுவத்தில் குரல் எழுந்தது. கடைசியில், டி-34எம் என்ற திருத்திய மாடலை உருவாக்க உத்தரவு வந்தது. அதில் மூன்று பேர் சுழல்கூடு, இடத்தை அடைக்காத டார்ஷன் பார் சஸ்பென்ஷன் எல்லாம் இருந்தன.

ஆனால் 1941 ஜூன் 22-இல் ஜெர்மனி படையெடுத்தது. புது மாடலுக்கு ஆலையை மாற்றினால் உற்பத்தி சில மாதம் நிற்கும். அந்தச் சில மாதம் கையில் இல்லை. அதனால் குறையோடு இருந்த பழைய மாடலையே கண்ணை மூடிக்கொண்டு அடித்துத் தள்ள முடிவெடுத்தார்கள். அந்த முடிவின் விலையைக் கொடுத்தது, டாங்கிக்குள் உட்கார்ந்த நான்கு பேர்.

போர் தொடங்கியபோது கையில் சுமார் 1,000 டி-34 இருந்தன. அவற்றில் பலவும் எதிரியின் குண்டால் மட்டும் போகவில்லை. பழுதாகி, எரிபொருள் தீர்ந்து, உதிரிபாகம் கிடைக்காமல் சாலையோரம் விடப்பட்டன. பல டிரைவர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சிதான் கிடைத்திருந்தது. நல்ல டாங்கி மட்டும் போரை ஜெயிக்காது என்பதற்கு 1941 கோடைக்காலமே சாட்சி.

*பிறகு எப்படி ஜெயித்தது?*

எண்ணிக்கையால். 1941 இலையுதிர் காலத்தில் கார்கோவ் ஆலை அப்படியே பெயர்த்து ரயிலேற்றப்பட்டு, யூரல் மலைப்பகுதியில் இருக்கும் நிஸ்னி தகிலுக்குப் போனது. செல்யாபின்ஸ்க், கோர்க்கி உள்ளிட்ட நகரங்களிலும் டி-34 தயாரானது. மொரோசோவ் தலைமையில் பாகங்கள் ஒவ்வொன்றாக எளிமையாக்கப்பட்டன. எவ்கெனி பாட்டன் உருவாக்கிய தானியங்கி வெல்டிங் முறை, அதிகம் பயிற்சி இல்லாத தொழிலாளர்களையும் கவசத்தைப் பற்றவைக்க வைத்தது. ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது வெறும் இரும்புச் சக்கரம் போட்டார்கள். சத்தம் காதைப் பிளந்தது, ஆனால் டாங்கி ஓடியது. 1941-க்கும் 1943-க்கும் இடையில் ஒரு டாங்கியின் விலை பாதியாகக் குறைந்தது.

குறைகளும் மெல்ல மெல்லச் சரியாயின. 1943-இல் ஐந்து கியர் பெட்டி, நல்ல காற்று வடிகட்டி, கமாண்டருக்குப் பார்வை மேடை. ஆனால் அதற்குள் எதிரியிடம் டைகரும் பாந்தரும் வந்துவிட்டன. 76 மி.மீ. குண்டு அவற்றின் முன்பக்கத்தில் எடுபடவில்லை. 1944-இல் 85 மி.மீ. பீரங்கியோடு, மூன்று பேர் உட்காரும் சுழல்கூடு கொண்ட டி-34-85 களத்துக்கு வந்தது. 1940 அறிக்கையில் சுட்டிக்காட்டிய குறை சரியாக நான்கு வருடம் ஆனது.

போர்க்காலத்தில் மட்டும் 55,000-க்கும் மேற்பட்ட டி-34-கள் தயாராயின. அதே போரில் சோவியத் இழந்த நடுத்தர டாங்கிகள் சுமார் 45,000. பெரும்பாலானவை டி-34. ரசிகர்கள் முதல் எண்ணைச் சொல்வார்கள், விமர்சகர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுசாகும். பழுது பார்ப்பதும் தயாரிப்பதும் சுலபமான டாங்கியாக அது இருந்ததால்தான், அவ்வளவு இழப்பையும் அந்த நாட்டால் ஈடுகட்ட முடிந்தது. ஒவ்வோர் இழப்பிலும் ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

*நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?*

ஒரு நேரடித் தொடர்பு இருக்கு. கார்கோவ் ஆலை இடம்பெயர்ந்து போன அதே நிஸ்னி தகிலில்தான் பின்னாளில் டி-72, டி-90 டாங்கிகள் உருவாயின. அந்த இரண்டையும் உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்த இடம், சென்னையை ஒட்டிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. டி-34-இல் ஓடிய வி-2 இன்ஜினின் வழித்தோன்றல்தான் இந்த டாங்கிகளிலும் ஓடுகிறது. அடிப்படை அமைப்பு அதே 12 சிலிண்டர் டீசல். டி-90-இல் திறன் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது.

கோஷ்கினுக்கு என்ன கிடைத்தது? 1942-இல், இறந்து இரண்டு வருடம் கழித்து, ஸ்டாலின் பரிசு. 1990-இல், இறந்து 50 வருடம் கழித்து, சோஷலிச உழைப்பின் நாயகர் பட்டம். ரகசியத் துறை என்பதால் நீண்ட காலம் அவர் பெயர் வெளியே பெரிதாகத் தெரியவில்லை. அவரைப் புதைத்த கார்கோவ் இடுகாடு 1941-இல் ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்தது. இன்று அவருக்குக் கல்லறை கிடையாது.

டி-34 சிறந்த டாங்கியா என்று இனி யாராவது கேட்டால், எந்த வருஷத்து டி-34 என்று திருப்பிக் கேளுங்க. கவசத்திலும் பீரங்கியிலும் 1941-இல் அது எதிரியைவிட முன்னால் இருந்தது, ஆனால் பயிற்சியும் ரேடியோவும் இல்லை. 1943-இல் எண்ணிக்கை இருந்தது, ஆனால் பீரங்கி போதவில்லை. 1944-இல்தான் கோஷ்கின் குழு தொடங்கிய வேலை ஓரளவு முழுமையானது. அதைப் பார்க்க அவர் இல்லை.